மணி அடிக்கிற வேலை

சாயங்காலம் ஆறு தாண்டியிருக்கும். புத்த அருங்காட்சியகத்துக்குப் போகிற அந்த நீளச் சாலையில் மாஸ்டரின் ஸ்கூட்டரைத் தவிர வேறு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் மதில், கடைசியில் ஒரே ஒரு வாசல். அங்கே அண்ணி நிற்பாள், ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார். தினமும் அப்படித்தான். அன்றைக்கு வாசலில் யாரும் இல்லை. உள்ளே கூடத்தில் விளக்கெல்லாம் எரிகிறது, வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆனால் ஒரு சத்தமும் இல்லை...

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். அந்தக் கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள்.

மாஸ்டர் என்றால் பக்கத்துத் தெருவில் கணக்கு டியூஷன் எடுக்கிறாரே, அவர்தான். இதை ஒரே ஒரு தடவை வாய் திறந்து சொன்னார். அப்புறம் யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவருடைய அண்ணன், அண்ணி இரண்டு பேருக்குமே அந்த அருங்காட்சியகத்தில் வேலை. அண்ணன் சிலைகளைத் தூக்கி நிறுத்துகிறவர். சங்கிலி, கப்பி, நாடா, மரக்கட்டை... இவற்றோடுதான் அவர் பிழைப்பு. அண்ணிக்கு நிகழ்ச்சிப் பிரிவில் வேலை. கண்காட்சி திறப்பு, சொற்பொழிவு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் வரையும் போட்டி, எல்லாவற்றுக்கும் ஓடுவாள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் மத்தியானச் சாப்பாட்டை ஒரே டப்பாவில் சாப்பிடுகிற ஜோடி அது.

ஒரு பெரிய கண்காட்சிக்காக எங்கிருந்தோ கருங்கல் புத்தர் வந்தார். உட்கார்ந்த சிலை, ஆள் உயரத்துக்கு மேலே. நிறுத்தும்போது சிலையைத் தூக்கிப் பிடித்திருந்த நாடா அறுந்தது. அண்ணன் சிலைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அண்ணி ஓடி வருவதற்குள் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கதவைத் திறந்து, "உடனே போயிட்டார்மா. கஷ்டமே படல" என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

கொஞ்ச நாள் தள்ளி கண்காட்சி திறந்தது. அதே கூடம், அதே சிலை. வேலைக்குத் திரும்பிய அண்ணிக்கு அலைச்சல் இல்லாத ஒன்றைக் கொடுத்தார் இயக்குநர் அம்மாள். தினமும் சாயங்காலம் பார்வையாளர்கள் சிலைக்கு முன்னால் கண்ணை மூடி உட்காரும் நிகழ்ச்சி அது. வெண்கலக் கிண்ணம் மாதிரி ஒரு மணி, தோல் சுற்றிய கட்டையால் ஒரு தட்டு தட்டினால் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். மறுபடி தட்டினால் திறக்கலாம். அதுவரை கூடத்தில் கண் திறந்திருப்பது மணி அடிக்கிறவள் ஒருத்திதான். அவள் இடம் கடைசியில், கதவோரம். அங்கிருந்து எல்லோருடைய முதுகும் தெரியும்.

முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டாள். முன் வரிசைக்கும் முன்னால், சிலையை ஒட்டி, நீலச் சட்டை போட்ட ஒரு முதுகு. அந்தத் தலைமுடியை வெட்டினவளே அவள்தானே... ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். வீட்டுக் கத்தரிக்கோலால் அப்படித்தான் வரும். எழப் போனாள், கையிலிருந்த கட்டை மணியில் பட்டது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். அந்த இடம் காலி.

மறுநாளும் வந்தார். மணி அடித்ததும் போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அலறிக்கொண்டு வேலையை விட்டிருப்பார்கள். அண்ணிக்கோ முகத்தில் களை வந்துவிட்டது. தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். ஸ்கூட்டரில் வரும்போது மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இன்னிக்கு மணிய லேட்டா அடிச்சேன். ரொம்ப நேரம் இருந்தார்."

"யாரு அண்ணி?"

"உங்கண்ணன்தான். அசையாம உக்காந்திருக்கார். மூச்சு விடுறது மட்டும் தெரியுது. ஏறி ஏறி இறங்குது முதுகு."

துக்கத்தில் பேசுகிறாள், பேசட்டும் என்று மாஸ்டர் விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் மணி தினமும் தள்ளிக்கொண்டே போனது. கால் மரத்துப்போகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அண்ணி காதிலேயே வாங்கவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்க்கமாட்டாரா... அவள் எண்ணமெல்லாம் அதுதான்.

மாஸ்டர் வாசலில் காத்து நின்ற அந்தச் சாயங்காலம்தான் கண்காட்சியின் கடைசி நாள். மறுநாள் சிலை வண்டி ஏறிவிடும். மணியைக் கீழே வைத்துவிட்டு அண்ணி எழுந்தாள். கண் மூடியிருந்தவர்களின் நடுவே வெறுங்காலோடு நடந்தாள். கிட்டே போகப் போக ஈரக் கல்லின் வாசனை, சங்கிலிக்குப் போடும் கிரீஸ் வாசனை. அப்புறம் அந்த மூச்சு. தூரத்திலிருந்து பார்த்தபோது நிதானமாகத் தெரிந்த மூச்சு... பக்கத்தில் அப்படி இல்லை. பல்லைக் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிற மூச்சு. உள்ளே போனது வெளியே வர வழியில்லாமல் கரகரக்கிற மூச்சு.

முன்னால் போய்க் குனிந்தாள். அவருக்கும் கண் மூடித்தான் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"இன்னுமா... தூக்கல?"

அண்ணி காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"வெளிய நீ கதவத் தட்டுறது... கேட்டுச்சு. எவ்ளோ நேரம் தட்டின..." ஒரு மூச்சு இழுத்தார். "மணி அடிம்மா. அடிச்சாதான் இந்தக் கல்லு விடுது. நீ ஏன் அடிக்கவே மாட்டேங்கிற?"

ஒரு சொல்லில் எல்லாம் உடைந்தது. உடனே போகவில்லை அவர். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் உயிரோடு, அவள் கதவைத் தட்டுவதைக் கேட்டபடி கிடந்திருக்கிறார். அது தினமும் சாயங்காலம் மறுபடி நடந்திருக்கிறது. ஆசை ஆசையாக அவள் நீட்டி வைத்த ஒவ்வொரு நிமிஷமும் அவர் நெஞ்சின் மேல்தான் ஏறியிருக்கிறது.

ஓடிப் போய்க் கட்டையை எடுத்து ஓங்கி அடித்தாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி அடித்தாள். கை வலித்தது, கிண்ணம் அதிர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. கூடமே கண் மூடிக் காத்திருந்தது. தினமும் வருகிற ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி பொறுக்கமாட்டாமல் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். அண்ணி விடாமல் மணியை அடிக்கிறாள், கன்னமெல்லாம் கண்ணீர், ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. மாஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் அப்போதுதான்.

சிலை போய்விட்டது. அண்ணிக்கும் வேலை போனது. மணியை மட்டும் அவள் கையிலிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. "கொண்டு போகட்டும், விடுங்க" என்றார் இயக்குநர் அம்மாள்.

இப்போது மாஸ்டர் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். சாயங்காலமானால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அடிக்க ஆரம்பிப்பாள். தோள் இறங்கிப்போகும் வரை அடிப்பாள். முன்னறையில் பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றுமே கேட்காது. ஒரு நாள் மாஸ்டர் மனசு கேட்காமல் உள்ளே போனார். நுழைந்ததும் காதில் விழுந்தது மூச்சுதான். கரகரவென்று, இழுத்து இழுத்து... சுவருக்குக் கிட்டேயிருந்து. அண்ணியுடையது இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டையைப் பிடுங்கி அவரே ஒரு அடி அடித்தார்.

கணீரென்று கேட்டது. அறை முழுக்க ஒலித்தது, முன்னறையில் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். மாஸ்டருக்கு ஒரு கணம் உயிர் வந்தது. ஓசை மெதுவாக அடங்கியது. முழுசாக அடங்கினதும்... அந்த மூச்சு அப்படியே இருந்தது.

அண்ணி கை நீட்டிக் கட்டையை வாங்கிக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை.

"நீ அடிச்சா அவருக்குக் கேக்காதுடா" என்றாள்.