மச்சினிக்குத் தனிப் பொட்டலம்

சாப்பிடும்போது ஆபீஸ் பேச்சு எனக்குப் பிடிக்காது. அது ஒரு குற்றமில்லையே, ஐயா.

லிஃப்ட்களை இயக்கும் மென்பொருள்தான் எங்கள் கம்பெனியின் வேலை. அதில் கதவு மாட்யூல் என்னுடையது. எழுதி, சோதனைப் பிரிவுக்குக் கொடுத்து, அவர்கள் சரி என்றதும் பேக்கேஜ் கட்டி ஊர் ஊராக அனுப்புவதும் நான்தான். சோதனைப் பிரிவில் இருந்தவள் என் மச்சினி. நான் சொல்லித்தான் வேலை கிடைத்தது. கெட்டிக்காரி. என் தப்பு எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள். அதோடு விட்டிருக்கலாம். அவளுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

“அக்கா, இன்னைக்கும் அத்தான் கோட்டை விட்டுட்டாரு,” என்பாள், தட்டை இழுத்துக்கொண்டே.

“கல்யாணத்தன்னைக்கே யார் செருப்பையோ போட்டுக்கிட்டு வந்தவருதானே,” என்பாள் என் மனைவி. இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் கோபம் என்று அர்த்தமாகிவிடும்.

அதனால் அவளுக்கு மட்டும் தனிப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தேன். மற்றவர்களுக்குப் போவதில் கதவு ஒழுங்காக மூடும். அவளுக்குப் போவதில் மட்டும், சோதனைத் திரையில், ஏதாவது ஒரு மாடியில் பாதியில் நின்று யோசிக்கும். அவள் மேனேஜரைக் கூட்டி வருவதற்குள் நல்லதை மாற்றி வைத்துவிடுவேன். கதவு சமர்த்தாக மூடும். மேனேஜர் அவளைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன்.

“எனக்கு மட்டும் ஏன் அத்தான் இப்படித் தெரியுது?” என்று ஒருநாள் கேட்டாள். பாவமாக இருந்தது. நானே கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். “எதுக்கும் ஒரு கண்ணாடி போட்டுக்கட்டுமே டாக்டர்,” என்று கேட்டு வாங்கினேன். ஃபிரேமும் என் தேர்வுதான். அவளுக்கு எடுப்பாகவே இருந்தது. பிறகு பயந்துபோய் ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டாள். பேச்சும் குறைந்தது. எனக்குச் சாப்பாடு உடம்பில் ஒட்டியது.

அதற்குமேல் எதற்கு என்று தனிப் பொட்டலத்தை நிறுத்திவிட்டேன். நான் எல்லை தெரிந்தவன். அதற்குப் பிறகுதான் அவள் ஒன்றைப் பார்த்தாள். இரண்டு மாடிகளில் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால், லிஃப்ட் வருமுன்பே கதவு திறந்துகொள்கிறது. தயங்கித் தயங்கிச் சொன்னாள். “வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடும்மா,” என்றார் மேனேஜர். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். திறந்தது. நான் சேர்த்துவைத்ததல்ல, நிஜமாகவே நான் விட்ட தப்பு.

திருத்தியிருக்கலாம். திருத்தினால் அவள் கண் சரி என்று ஆகிவிடும். பழையதெல்லாம் கிளம்பும். மறுபடியும் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அப்படியே பேக்கேஜ் கட்டி அனுப்பிவிட்டேன்.

ஏதோ ஓர் ஊர் அடுக்குமாடியில் மெத்தை கொண்டுவந்த ஒருவர், கதவு திறந்ததும் மெத்தையை உள்ளே தள்ளியிருக்கிறார். உள்ளே லிஃப்ட் இல்லை. மெத்தை முதலில் போனது, பின்னாலேயே அவர். அந்த வரிசையில் போனதால் இடுப்பெலும்பு முறிந்ததோடு தப்பினார்.

செய்தி கேட்டு மச்சினி ஓடி வந்தாள். “நான் பார்த்தேன் அத்தான். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். என்னாலதான் அந்த மனுஷன் படுத்துக்கிடக்குறாரு.” தேம்பித் தேம்பி அழுதாள். கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.

“விடும்மா. தப்புங்கறது யாருக்கும் நடக்கறதுதான்,” என்றேன்.

அவளை நான் மன்னித்துவிட்டேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.