எருமையை விற்கும் நாள்

— பேனா எழுதலைன்னு மட்டும் சொல்லாதே. இது மூணாவது பேனா.

— எழுதலையே அக்கா. நான் என்ன பண்ணட்டும்?

— கொடு இப்படி. பாரு, என் உள்ளங்கையில எழுதுது. பழைய பேப்பர்ல எழுதுது. அந்த ஃபாரத்துல, உன் கைக்கு மட்டும்தான் எழுத மாட்டேங்குது.

— ஷெட்டுக்குள்ள வெளிச்சம் பத்தல. எங்கே போடணும்னே தெரியல.

— யானை சைஸ்ல பெருக்கல் குறி போட்டு வச்சிருக்கேன். இங்க பாரு சின்னவளே. நமக்குத்தான் இது எருமை, ஆர்.சி. புக்குல ஜீப். ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. நான் போட்டாச்சு. நீ போடணும். நாலு மணிக்கு அந்த மாட்டு டாக்டரம்மா சாவி வாங்கிக்க வராங்க. இந்த ஒரு கையெழுத்துக்குத்தான் உன்னை ஆறு மணி நேரம் பஸ்ல வர வச்சேன்.

— போட மாட்டேன்னா சொன்னேன்? ஒரு தடவை எருமைக்குள்ள ஏறி உக்காந்துட்டுப் போடறேன். அவ்வளவுதான்.

— ஏறு. கதவைத் தூக்கித் திற, கீழ்க் கீல் கழண்டிருக்கு. இரு, நானும் வரேன். இந்தப் பக்கம் வந்து என் காலைத் தூக்கி உள்ள வை. அந்தக் கால் இல்ல. முட்டி மாத்தின கால்.

— வலிக்குதா?

— வலிக்கல, மடங்கல. டாக்டர் தெளிவாச் சொல்லிட்டார், கிளட்சு மிதிக்கிற வேலையே வச்சுக்கக் கூடாதாம். இந்த வண்டியோட கிளட்சை மிதிக்கிறதும் நெல்லு மூட்டையைக் காலால தள்றதும் ஒண்ணு. நீயோ நாலாவது மாடியில இருக்கே. உன் வீட்டு வாசல்ல ஒரு சைக்கிள் நிறுத்த இடம் கிடையாது. இது இங்கயே நின்னு துருப்பிடிக்கணுமா? அந்தம்மா மலை மேல இருக்கிற தொழுவத்துக்கெல்லாம் போகணும். நேத்து ஒரு சுத்து ஓட்டிக் காட்டினாங்க. சேத்துல இறங்கறதுக்கு முன்னாடியே நாலு சக்கரத்துக்கும் கியரை மாத்திட்டாங்க. இறங்கி மாட்டினப்புறம் மாத்தற ஆள் இல்ல. உன்னை மாதிரி இல்ல.

— ம்.

— என்ன ம்?

— அதே வாசனை. கான்வாஸ், டீசல், நனைஞ்ச கம்பளி. என் மருந்துக் கடையில எத்தனை பாட்டில் அடுக்கி வச்சிருக்கேன், எதைத் திறந்தாலும் இப்படி ஒண்ணு வராது.

— அது எலி. பின்சீட்டுக்கு அடியில குடும்பம் நடத்துது.

— விடேன் அக்கா, ஒரு நிமிஷம் அனுபவிக்க விடு. இதை உங்க சர்வே ஆபீஸ் ஏலத்துல எடுத்துக்கிட்டு வந்தியே, அன்னிக்கு அப்பா வாசல்ல நின்னு என்ன சொன்னார்?

— நிலம் அளக்கப் போன பொண்ணு, ஆபீஸே வேணாம்னு தள்ளினதை வீட்டுக்கு இழுத்துட்டு வந்திருக்கான்னார். சொல்லிட்டு ராத்திரி தனியா வந்து உள்ள உக்காந்து ஸ்டீரிங்கைத் திருப்பிப் பாத்தார். நான் ஜன்னல்லேருந்து பாத்தேன்.

— நான் என் சைக்கிளை வித்து ஒரு டயர் வாங்கிக் கொடுத்தேன்.

— ஒரே ஒரு டயர். அதுக்குப் பாதி வண்டியை உன் பேருக்கு எழுதி வாங்கிக்கிட்டே. மூணு நாள் சாப்பிடாம அடம் பிடிச்சு.

— ரெண்டு நாள்தான். மூணாவது நாள் பிஸ்கட் சாப்பிட்டேன். அந்த உப்புத் தரை ஞாபகம் இருக்கா உனக்கு? ரோடும் இல்ல, மரமும் இல்ல, வெள்ளை வெளேர்னு வானத்தோட போய் ஒட்டிக்கிட்டு. நீ ஸ்டீரிங்கை விட்டுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினே. எருமை பாட்டுக்கு நேரா போய்க்கிட்டே இருந்துச்சு.

— நேரா எங்கே போச்சு? வலது பக்கம் இழுத்துக்கிட்டே போச்சு. நீ வாங்கிக் கொடுத்த டயர்.

— மலைப்பாதையில பனி இறங்கிடுச்சே, அது? முகத்துக்கு நேரா கையை நீட்டினா விரல் தெரியல. வெள்ளைத் துண்டை முதுகுல கட்டிக்கிட்டு வண்டிக்கு முன்னாடி நான் நடந்தேன். நீ அதைப் பாத்துக்கிட்டே ஊர்ந்து வந்தே. ஒரு மைலுக்குக் குறையாது.

— பத்தடிக்கு ஒரு தடவை நின்னு திரும்பிப் பாத்தே. நான் ஒவ்வொரு தடவையும் பிரேக்கு போடணும். இவ எதுக்கு இப்படிப் பண்றான்னு எரிச்சலா வந்துச்சு.

— நீ வர்றியான்னு பாத்தேன்.

— எஞ்சின் சத்தம் ஊருக்கே கேக்குது. வராம எங்கே போவேன்?

— தெரியல. பாக்கணும்னு இருந்துச்சு.

— சரி, விஷயத்துக்கு வா. மணி மூணரை. இந்தா பேனா.

— அக்கா, நம்ம சட்டம் ஞாபகம் இருக்கா?

— எந்தச் சட்டம்?

— நடிக்காதே. முதல் பயணத்துல, அந்த மூணு ரோடு பிரியற இடத்துல, எந்தப் பக்கம் போறதுன்னு சண்டை போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோமே. அப்புறம் நீதான் சட்டம் போட்டே. போர்டு இல்லாத இடத்துல ரோடு பிரிஞ்சா, பக்கத்துல உக்காந்திருக்கிறவ சொல்றதுதான் முடிவு. ஓட்டறவ வாயைத் திறக்கக் கூடாது. சொன்ன பக்கம் திருப்பணும்.

— தப்பாப் போனாலும் ராத்திரி சாப்பாடு முடியற வரைக்கும் சொல்லிக் காட்டக் கூடாது. முடிஞ்சப்புறம் பத்து நிமிஷம் திட்டலாம். கடிகாரத்தை வச்சுக்கிட்டு.

— பத்து நிமிஷத்தையும் ஒரு நொடி விடாம திட்டுவே.

— நீ பன்னெண்டு நிமிஷம் திட்டுவே. கேட்டா கடிகாரம் முன்னாடி ஓடுதுன்னு சொல்லுவே. அந்தச் சட்டம் இருந்ததாலதான் ஆறு வருஷம் ஒருத்தி தலைமுடியை ஒருத்தி பிடிக்காம ஓட்டினோம். இப்போ எதுக்கு அதெல்லாம்?

— கடைசிப் பயணத்துக்கு மட்டும் நீ என்னைத் திட்டவே இல்ல.

— எது கடைசி? உன் கல்யாணத்துக்கு அப்புறமும்தான் போனோம். உன் பிள்ளைங்க பின்சீட்டு முழுக்க வாந்தி எடுத்து வச்சதுங்களே.

— அது சுற்றுலா. நாம ரெண்டு பேர் மட்டும் போனதைச் சொல்றேன். ஆத்து மணல்ல மாட்டினோமே, அது.

— அதை விடு.

— இருபத்தெட்டு வருஷமா விட்டுத்தானே வச்சிருக்கேன். மறுநாள் காலையில ஆறரை மணிக்கு உனக்கு ஃப்ளைட். வெளிநாட்டுல ஆறு வருஷ வேலை. அப்பா பெரிய பெட்டி வாங்கி, அது மேல உன் பேரை வெள்ளைப் பெயிண்ட்ல எழுதி, கூடத்துக்கு நடுவுல வச்சிட்டார். வர்றவங்க போறவங்க எல்லாம் அதைச் சுத்திக்கிட்டுத்தான் நடக்கணும்.

— தெரு முழுக்கச் சொல்லி வச்சிருந்தார். முடி வெட்டற கடைக்காரர்கூட ரோட்டுல என்னை நிறுத்தி, அங்கே ரொம்பக் குளிருமாமே அம்மான்னு கேட்டார். எனக்கு யாரைப் பாத்தாலும் சிரிச்சுச் சிரிச்சுத் தாடை வலிச்சுப்போச்சு.

— முதல் நாள் காலையில நீ என்னை எழுப்பினே. வா, போறதுக்கு முன்னாடி எருமையை ஒரு சுத்து சுத்திட்டு சாயங்காலம் வந்துடலாம்னே. நல்லாத்தான் போனோம். வேற வழியா திரும்பி வரும்போது இருட்டறதுக்குக் கொஞ்ச நேரம் இருக்கு. அந்த ரெட்டைப் பாதை வந்துச்சு. போர்டு இல்ல. நீ வண்டியை நிறுத்திட்டு என்னைப் பாத்தே. நான் இடதுன்னேன்.

— இடதுன்னே. திருப்பினேன். மணல்ல அச்சு வரைக்கும் இறங்கிடுச்சு. சக்கரத்துக்கு அடியில கல்லு வச்சோம், பலகை வச்சோம், உன் துப்பட்டாவைக்கூட வச்சோம். மறுநாள் மத்தியானம் டிராக்டர் வந்து இழுத்துச்சு. ஃப்ளைட் போயிடுச்சு, வேலையை அடுத்து இருந்தவருக்குக் கொடுத்துட்டாங்க. கதை முடிஞ்சுது. கையெழுத்துப் போடு.

— முடியல. அன்னிக்கு ராத்திரி நீ ஸ்டவ்வைப் பத்த வச்சு முட்டை வேக வச்சே. டீ போட்டே. சாப்பிட்டு முடிச்சோம். நான் கடிகாரத்தைக் கழட்டி உன் முன்னாடி வச்சிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். நீ அதை எடுத்து என் கையிலயே கட்டி விட்டே. அப்புறம் வானத்தைப் பாத்துக்கிட்டு ஏதோ பாடினே. பாடிட்டு எஞ்சின் மூடிமேல படுத்துக் குறட்டை விட்டே. வாழ்க்கையே போன ராத்திரி இவ இவ்வளவு தைரியமா இருக்காளேன்னு நான் கம்பளியைக் கடிச்சுக்கிட்டு அழுதேன். வீட்டுக்கு வந்தப்புறம் அப்பா மூணு மாசம் உன்கூடப் பேசல. அவர்கிட்டகூட நீ என்னைக் காட்டிக் கொடுக்கல. வண்டி நின்னுபோச்சுன்னு மட்டும் சொன்னே.

— அதுதானே நடந்தது. ரோட்டுல தப்பு பண்ணாதவ யாரு?

— அது தப்பு இல்ல அக்கா.

— என்னது?

— வலது பக்கம் லாரி போன தடம் இருந்துச்சு. புதுத் தடம், ஈரம் காயல. இடது பக்கத்துல நடுவுல புல்லு முளைச்சிருந்துச்சு. நாலு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் எது ரோடுன்னு. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் இடதுன்னேன்.

— எதுக்குடி?

— முந்தின நாள் ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தேன். அந்தப் பெட்டியில காலை இடிச்சுக்கிட்டேன். வலியில அது மேலயே உக்காந்துட்டேன். ஆறு வருஷம் இந்த வீட்டுல நானும் அப்பாவும் மட்டும். எருமை ஷெட்டுல நிக்கும், பக்கத்து சீட்டுல ஆள் இருக்காது. அவ்வளவுதான் யோசிச்சேன். மணல்ல மாட்டும்னு நான் கண்டேனா? சுத்தி வளைச்சு லேட்டாகும், நீ ஃப்ளைட்டை விட்டுடுவே, அடுத்த மாசம் போவே, இன்னொரு மாசம் நீ என்கூட இருப்பேன்னு நெனச்சேன். உன் வாழ்க்கையே போகும்னு தெரியாது.

— சின்னவளே.

— முழுசா சொல்ல விடு. உன்னைப் போக விடாம பிடிச்சு வச்சிட்டு, அடுத்த வருஷமே நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஆறு மணி நேரம் தள்ளிப் போயிட்டேன். அப்பாவைக் கடைசி வரைக்கும் நீ பாத்தே. அதே ஆபீஸ்ல, அதே மேஜையில இருந்து போன வருஷம் ரிட்டையர் ஆனே. யாராவது வெளிநாட்டுலேருந்து வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டா நான் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டேன். ஒவ்வொரு தடவை இங்க வரும்போதும், வண்டியில ஏறினதும் சொல்லிடணும்னு வருவேன். பின்னாடி பிள்ளைங்க கத்தும். இல்லேன்னா நீ டீசல் ஃபில்டரைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவே. இன்னிக்கு இது போயிடுச்சுன்னா நான் எங்கே உக்காந்து சொல்லுவேன்? அதுக்குத்தான் பேனா எழுதல.

— அழாதே. அந்தத் துணியில மூக்கைத் துடைக்காதே, கிரீஸ்.

— திட்டு அக்கா. எனக்கு உன் பத்து நிமிஷம் வேணும்.

— அழுதுக்கிட்டிருக்கிறவளைத் திட்டற பழக்கம் எனக்கு இல்ல. அந்த ஃபாரத்தை இப்படிக் கொடு. கையெழுத்துப் போட்டுட்டியா?

— போட்டுட்டேன். இப்போதான். கோணலா இருக்கு.

— இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷமா இதை வச்சுக்கிட்டா புழுங்கிக்கிட்டிருந்தே?

— பின்ன?

— நீ தெரியாமச் சொன்னேன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். தூக்கக் கலக்கத்துல இவ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டான்னு. அப்படின்னுதான் நானும் நிம்மதியா இருந்தேன்.

— இப்போ நிம்மதி போச்சா?

— நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது, நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ரெண்டு மாசம் வீட்டுக்கே வரல, ஞாபகம் இருக்கா? கூடாரத்துல இருந்தேன். கொசுக்கடியில மூஞ்சி வீங்கிப் போய் வந்து நின்னேன்.

— அடையாளமே தெரியல. அப்பா பயந்துட்டார். அதுக்கு என்ன?

— அந்த ஆத்தைத்தான் அளந்துக்கிட்டிருந்தோம்.

— எந்த ஆத்தை?

— நாம மாட்டின ஆத்தை. அந்த ரெட்டைப் பாதையை வரைபடத்துல வரைஞ்சதே நான்தான்டி. இடது பக்கம் மணல்ல போய் முடியும்னு எனக்கு என் கைரேகை மாதிரி தெரியும்.

— அப்போ தெரிஞ்சுக்கிட்டேவா என்னைப் பாத்து நிறுத்தினே? எதுக்கு?

— எனக்குப் போகப் பிடிக்கல. கூடத்துல அந்தப் பெட்டியை வச்சுக்கிட்டு அப்பாகிட்ட அதைச் சொல்ற தைரியமும் எனக்கு இல்ல. நீ எப்படியாவது இடதுன்னு சொல்லணுமேன்னு ஒரு மைல் தூரம் வேண்டிக்கிட்டே ஓட்டிட்டு வந்தேன்.