மூடியில் நிற்கும் நீர்த்துளி

ஜப்பானில் செய்தித்தாளை ஒரு நாள்கூட நம்பாத ஒரே மனிதன் நான்தான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேரையும் எனக்குத் தெரியும். அச்சுக் கோப்பவர்கள், இயந்திரம் ஓட்டுபவர்கள். ‘மாபெரும் வெற்றி’ என்று எழுத்துகளை அடுக்கும்போது நீங்கள்கூட ஒரு நொடி நம்பியிருப்பீர்கள். நான் நம்பியதில்லை.

கல்லூரியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினேன். நம் படை ஒரு தீவைக் கைவிட்டு ஓடியபோது, நாளிதழ்கள் ‘வேறு திசையில் முன்னேறியது’ என்று எழுதின. அந்த வாரம் கணிதத் தேர்வில் தோற்ற மாணவர்கள் எல்லோரும் அடுத்த ஆண்டை நோக்கி முன்னேறியதாக நான் செய்தி வெளியிட்டேன். முதல்வர் கூப்பிட்டுக் கண்டித்தார். கண்டிக்கும்போது அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினார் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

கண் பார்வை போதாது என்று இராணுவம் என்னை வேண்டாமென்றது. செய்திகளைச் சரிபார்க்க அந்தக் கண் தாராளம் என்று மிசுமி முதலாளி சேர்த்துக்கொண்டார். மாவட்டத்துக்கு ஒரு பத்திரிகை போதும் என்று அரசாங்கம் சொல்லி, எங்கள் ஊரின் மூன்று பத்திரிகைகளும் அவர் கைக்கு வந்திருந்த நேரம் அது. அவரிடம் ஏற்கெனவே ஏழு மீன்பிடிப் படகுகளும், இராணுவத்துக்கு டப்பாவில் மீன் அடைத்து அனுப்பும் ஆலையும் இருந்தன. என் வேலை எளிது. காவல்துறைத் தணிக்கைக்குப் போகும் முன்பே, அவர்கள் எதை அடிப்பார்களோ அதை நான் அடித்துவிட வேண்டும். நான் வந்த பிறகு காவல்துறை ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

சகுமா ஐயாவைப் பற்றிக் கேட்டீர்கள். போர் தொடங்கிய நாளிலிருந்து வானிலை இராணுவ ரகசியம். நாளை மழை என்று அச்சிட்டால் சிறை. ஆனால் குன்றின் மேலிருந்த வானிலை நிலையத்துக் கிழவருக்குப் பழக்கம் விடவில்லை. புயல் தெரிந்தால் எங்கள் பத்திரிகையின் மூத்த ஆசிரியர் சகுமாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். சகுமா எதையும் எழுதமாட்டார், யாரிடமும் பேசமாட்டார். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு படகுத்துறையில் ஒரு நடை நடந்துவிட்டு வருவார். கொளுத்தும் வெயிலில், கறுப்புக் குடை. மறுநாள் ஒரு படகும் போகாது.

இது எவ்வளவு நல்ல நகைச்சுவை என்று உங்களுக்குப் புரிகிறதா? முதலாளி கொடுத்த விருந்தில், குடை பிடிப்பது போல் நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி அதிகமாகச் சிரித்தார்.

“அப்பிடியா சங்கதி? நம்ம படகு மாசத்துல நாலு நாள் சும்மா நிக்குதேன்னு பாத்தேன். ஐயாவுக்கு வெயில் ஆகலபோல. வீட்லயே இருக்கட்டும்” என்றார்.

சகுமாவைக் காவல்துறை பதினொரு நாள் வைத்திருந்தது. வெளியே வந்தபோது அவரால் குடை பிடிக்க முடியவில்லை. அவரைப் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு கதை சொன்னேன், அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்று செப்டம்பரில் அந்தப் புயல் வந்தது. காலையில் மிசுமியின் இரண்டு படகுகள் கிளம்பின, பத்தொன்பது பேர். மதியம் காற்று ஆலைக் கூரையைப் பிடுங்கியது. படகுகள் திரும்பவில்லை. ஒன்றில் என் அண்ணன் தமோட்சு இருந்தார்.

ஆறாம் நாள் காவல்துறையிலிருந்து பட்டியல் வந்தது. அடுத்த மாவட்டத்துக் கரையில் ஒதுங்கிய உடல்கள், அங்கேயே எரிக்கப்பட்டவை. ‘வெளியிடக் கூடாது’ என்று சிவப்பு முத்திரை. பெயர்கள் இல்லை, அடையாளங்கள் மட்டும். பதினான்காவது வரி: இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. அண்ணனுக்கு அந்த விரலை வலை இழுக்கும் வின்ச்சுக் கயிறு எடுத்துக்கொண்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பட்டியலை இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை.

முதலாளி கதவைச் சாத்தினார். “பத்தொம்பது பொம்பளைங்க கோயில்ல போய் அழுதா, படகை யாரு அனுப்புனதுன்னு கேப்பானுங்க. ஏதாவது எழுதுய்யா. நீ காலேஜ்லயே எழுதுனவன்தானே?”

எழுதினேன். புயல் வருமுன்பே, நடுக்கடலில் கடற்படையின் அழைப்பை ஏற்று, பத்தொன்பது பேரும் தென்கடல் காவல் பணிக்குத் தாமாகவே புறப்பட்டுவிட்டார்கள். இருப்பிடம் ரகசியம். கடிதம் வராது. கடைசி வரியில், ‘அவர்கள் வீட்டு உணவுத் தட்டு ஒரு நாளும் காலியாக இருக்கலாகாது’ என்று சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை. நானாகவே சேர்த்தேன். எழுத்து நடை கேட்டது.

தூரத்தில் இருப்பவருக்கு வீட்டில் தட்டு வைக்கும் வழக்கம் உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். அவர் இடத்தில் சோறும் குழம்பும் தனித்தனியாக வைத்து மூடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தால் உள்பக்கம் நீர்த்துளி நிற்க வேண்டும். நின்றால் ஆள் உயிரோடு இருக்கிறார். அண்ணி சயோ மறுநாளே தட்டு வைத்தாள். என் செய்தியை வெட்டி, சுவரில் ஒட்டியிருந்தாள்.

“வெந்நீர்ப் பானைய மூடி வெச்சாலும் அண்ணன் நல்லாயிருப்பாரு போலிருக்கே அண்ணி” என்றேன்.

“அப்ப நீங்க வெந்நீரக் குடிங்க, சோத்த நான் தின்னுக்கறேன்” என்றாள். சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து காட்டினாள். “பாருங்க கொழுந்தனாரே, எப்பிடி வேர்த்திருக்கு. மனுசன் அங்கயும் ஓடியாடித்தான் வேல பாக்கறாரு.”

தட்டில் வைத்த சோற்றை வீணாக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் சாப்பிட வேண்டும். சாப்பிட்டது நான். பங்கீட்டு அரிசியில் அண்ணனுக்குப் பங்கு கிடையாது, ஊரில் இல்லாதவர் அல்லவா. அண்ணி தன் பங்கைத் தட்டில் வைத்தாள். தனக்குச் சர்க்கரைவள்ளிக் கொடியின் தண்டை வேகவைத்துக்கொண்டாள். “நீங்க ஆபீஸ் போறவரு, தின்னுங்க. உங்க அண்ணன் தின்ன மாதிரி இருக்கும்” என்பாள். சூடாக இருக்கும்போதே தின்றேன். முதல் குளிர்காலத்தில் அவள் இடுப்புப் பட்டை இன்னொரு சுற்று கூடுதலாக வந்தது. இரண்டாவதில் இருமல் வந்தது.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். சொன்னால் முத்திரையிட்ட ஆவணத்தை வெளியிட்ட குற்றம் வரும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒவ்வொரு மதியமும் அந்த மூடியைத் திறக்கும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. அதை எடுத்துவிட எனக்கு என்ன உரிமை?

சரணடைவதற்கு மூன்று வாரம் முன்பு இறந்தாள். எடை ஏழு வயதுக் குழந்தை அளவு. கடைசி மதியம் எழ முடியவில்லை. என்னையே திறந்து பார்க்கச் சொன்னாள்.

“துளி இருக்கா?”

“இருக்கு அண்ணி.”

“வந்தாருன்னா திட்டாதீங்க, ஏன் கடுதாசி போடலன்னு. வேலையா இருந்திருப்பாரு.”

வானிலை நிலையத்தின் கடைசி அழைப்பை எடுத்தது யார் என்பது உங்கள் தாளில் ஒன்பதாவது கேள்வி. நான்தான். புயலுக்கு முந்தின நாள், மாலை நான்கு மணி. சகுமாவைக் கேட்டார் கிழவர். அவர் இப்போது இல்லை என்றேன். “அப்ப நீங்களாச்சும் துறைக்குச் சொல்லிடுங்க தம்பி, நாளைக்கு மதியம் தாங்காது” என்றார். சரி என்று வைத்தேன். வேலை முடித்து வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் தூண்டில் முட்களை வரிசையாகக் குத்திவைத்துக்கொண்டிருந்தார்.

“என்னடா பேப்பர்காரரே, நாளைக்கு எப்பிடி?”

“அது இராணுவ ரகசியம் அண்ணே” என்றேன்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். அவ்வளவு நன்றாகச் சிரித்தவர்களிடம் அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த நகைச்சுவை கெட்டுப்போயிருக்கும்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ‘பத்தொன்பது பேர் சாவுக்குக் காரணம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பதினெட்டு என்று திருத்துங்கள். சுண்டுவிரல் பாதி போன மீனவர்கள் இந்தக் கரையில் எத்தனையோ பேர். தென்கடலிலிருந்து கப்பல்கள் இன்னும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. நேற்றுகூட அண்ணனுக்கு நான் வைத்த தட்டில் இரண்டு மூடிகளிலும் துளி நின்றது. சோற்று மூடியில் அதிகமாகவே.

பன்னிரண்டு மணிக்குள் என்னை விட்டுவிடுவீர்களா? சோறு ஆறிவிட்டால் துளி நிற்காது.