பொன்னாத்தாள் கல்

இரவு மணி பதினொன்று இருக்கும். அஸ்தம்பட்டியைத் தாண்டி, ஏற்காட்டு ரோட்டை விட்டுப் பிரிகிற பழைய குவாரி ரோடு. ஆள் கிடையாது, விளக்குக் கிடையாது. வெள்ளைக்கல் தூள் மட்டும் நிலா வெளிச்சத்தில் சுண்ணாம்பாய்க் கிடந்தது... அங்கே கடப்பாரையோடு தனியாக நின்றார் மயில்சாமி. நம் ஊர் அர்த்தநாரியின் மாமன்தான். எண்பத்து மூன்றாம் வருஷம் நடந்தது. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அவருக்கு அன்றைக்குப் பயமே இல்லை. ஆத்திரம். உச்சந்தலை வரைக்கும் ஆத்திரம்.

குவாரியை மூடிவிட்டார்கள். லாரி ஓடிய ரோட்டை மண்ணாக்கி மரம் வளர்க்க வேண்டும் என்று உத்தரவு. காண்ட்ராக்டர் தங்கசாமி என்ன செய்தான்? இறுகிக் கிடந்த ரோட்டைக் கொத்திக்கூட விடவில்லை. மேலே ஒரு சாண் ஏரி வண்டலைக் கொட்டி, வேப்பங்கன்றைச் செருகிக்கொண்டே போனான். கூலிக்குப் போன மயில்சாமி கேட்டே விட்டார்.

"ரோட்டைக் கொத்தாம கன்னு வெச்சா வேரு எப்படிங்க எறங்கும்?"

"ஆபீசரு வேரையா பாக்கப்போறாரு? எலையப் பாப்பாரு, போயிருவாரு."

அதையாவது பொறுத்திருப்பார். அந்த ரோட்டில் ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம். அதன் பலகைக் கல், அவர் தங்கை பொன்னாத்தாளுக்கு நட்ட சுமைதாங்கியின் மேற்கல்.

வயிற்றில் பிள்ளையோடு, தலையில் சோளத்தட்டுக் கட்டோடு வரப்பில் விழுந்து செத்தவள் அவள். அன்றைக்கு அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அப்படிச் செத்தவளுக்கு வழியோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைப் படுக்க வைப்பது வழக்கம். போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி மூச்சு வாங்கினால், சுமையோடு போனவளுக்கும் பாரம் குறையும். ரோடு போட்ட புண்ணியவான்கள் அதைப் பிடுங்கிப் பாலம் கட்டினார்கள். விடிந்தால் அதன்மேலும் வண்டல் விழும், கன்று ஏறும். அப்புறம் யார் தோண்டுவது?

"எந் தங்கச்சி கல்லுங்க. அத மட்டும் எடுத்துக் குடுத்துருங்க" என்று சாயங்காலம் கெஞ்சியிருந்தார்.

"செத்தவளுக்கு என்னய்யா சுமை?" என்று சிரித்தான் தங்கசாமி.

அந்தச் சிரிப்புத்தான் அவரைக் கடப்பாரையோடு அனுப்பியது.

கல்லுக்கடியில் முனையைச் செருகியிருப்பார்... தூரத்தில் மோட்டார் சைக்கிள். தங்கசாமியேதான். கன்றைத் திருடிவிடுவார்கள் என்று அவனே ராத்திரியில் ஒரு சுற்று வருவான். மயில்சாமி பாலத்துக்கடியில் இறங்கிப் பதுங்கினார்.

தலைக்கு நேர் மேலே வண்டி நின்றது. டப்... டப்... அணைந்தது.

முதலில் வாசம் வந்தது. அன்றைக்கு அறுத்த சோளத்தட்டின் பச்சை வாசம். அந்தக் கல்லாங்கரட்டில் சோளம் ஏது? அப்புறம் மூச்சு. பாரம் சுமக்கிற பொம்பளையின் மூச்சு. அப்புறம் வளையல்... கை நிறையக் கண்ணாடி வளையல். ஏழாம் மாதம் தங்கைக்கு இவரே வாங்கிப் போட்டது.

"சாமி... இதக் கொஞ்சம் எறக்கி உடுங்க."

மயில்சாமிக்கு அந்தக் குரல் தெரியும். கத்தியிருந்தால் தங்கசாமி வண்டியைக் கிளப்பியிருப்பான். கத்தவில்லை. அவ்வளவு கோபம்.

மேலே தங்கசாமியின் செருப்பு அவள் பக்கம் இரண்டடி நகர்ந்தது. "ம்..." என்று ஒரு முனகல். பிறகு வளையல் சத்தம் விலகிப் போனது. வெறுந்தலையாய் நடக்கிறவளின் வேகம்.

வெகுநேரம் கழித்து ஏறிப் பார்த்தார். தங்கசாமி நடு ரோட்டில் நின்றான். இரண்டு கையும் தலைக்கு மேலே, எதையோ பிடித்தபடி. அங்கே ஒன்றுமில்லை. ஆனால் கழுத்து தோளுக்குள் இறங்கியிருந்தது.

"எறக்கு... மயிலு, எறக்கு..."

கையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"செத்தவளுக்கு என்ன சுமைன்னு கேட்டீங்களே" என்றார். "இப்பத் தெரியுதுங்களா?"

சொல்லிவிட்டு அவன் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டார். கல் பழைய இடத்துக்குப் போனால்தான் பாரம் இறங்கும்; கடப்பாரையால் பெயர்க்கலாம், ஒருத்தர் தூக்கி வைக்கிற கல்லா அது?

விடிந்து ஆட்கள் வந்தார்கள். மயில்சாமி சொன்னபடி கல்லைப் பெயர்த்து ஓரமாய்க் கொண்டுபோய், இரண்டு கல் நட்டு அதன்மேல் பழையபடி படுக்க வைத்தார்கள். மேற்கல் உட்கார்ந்ததும் தங்கசாமியின் கை தொப்பென்று விழுந்தது. அவன் மறுநாளே ஆள் வைத்து ரோட்டை அடி வரைக்கும் கொத்தினான். இன்றைக்கு அது வேப்பந்தோப்பு. கழுத்து மட்டும் அவனுக்குக் கடைசி வரை நிமிரவில்லை.

கல் நட்ட அடுத்த நாள் காலையில், மயில்சாமி ஒரு முழம் பூவோடு போனார். மேற்கல்லில் தலைச்சுமைக்கு அடியில் வைக்கிற சும்மாடு ஒன்று இருந்தது. பழஞ்சேலையில் சுருட்டியது. தொட்டுப் பார்த்தார்... வேர்வை ஈரம். தங்கச்சி இறக்கிவிட்டாள் என்று அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் தெரிந்தது. அதை ஒட்டி இன்னொரு சும்மாடு. அதுவும் ஈரம். அது சின்னது... ஒன்பது வயசுப் பிள்ளையின் தலைக்குச் சரியாக இருக்கும்.