பால்கனியில் ஆள் உயர இருட்டு

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, ஏணியையும் ஒயரையும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே! பேச வராத ஒருவனைப் பேச நிறுத்தியிருக்கிறீர்கள். கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

இந்த நினைவுக் கூட்டத்தின் அழைப்பிதழில் அண்ணனை ‘ஒளிச்சிற்பி’ என்று போட்டிருக்கிறார்கள். நல்ல பட்டம்தான். ஆனால் அந்த மனிதரை நாங்கள் ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்கிறோமா? இருட்டண்ணன்! அதுதான் எங்களுக்குத் தெரிந்த பெயர். கட்டடத்தின் மேல் வெளிச்சத்தால் படம் ஓட்டுவது தொழில். வாயைத் திறந்தால் கேட்பதோ இருட்டு! தெருவிளக்கை அணை, கடைப் பலகையை அணை, செல்போனை உள்ளே வை. எதிர்க்கடைக்காரர் ஒருமுறை கடுப்பாகி, “ஏன் சார், நிலாவையும் அணைச்சிரட்டுமா?” என்று கேட்டார். அண்ணன் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்” என்றார். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, மன்னியுங்கள்.

எங்கள் வேலை என்னவென்று அறியாதவர்களும் இங்கே இருப்பீர்கள். முதலில் கட்டடத்தை எதிரிலிருந்து போட்டோ எடுப்போம். அந்தப் போட்டோவின் மேல் ஒவ்வொரு தூணையும், ஜன்னலையும், கல்லையும் கோடு பிசகாமல் வரைந்துகொள்வோம். பிறகு கம்ப்யூட்டரில் அந்தக் கல்லை ஆடவிடலாம், தூணில் கொடி ஏறவிடலாம், சுவரையே இடிந்து விழச் செய்யலாம். புரொஜெக்டர் அதைக் கட்டடத்தின் மேல் கச்சிதமாகப் பொருத்தும். பார்ப்பவர்களுக்குக் கல்லே உயிர் பெற்றதாகத் தோன்றும். வரைவது நானும் தோழர்களும், பொருத்துவது அண்ணன்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. சுவரில் எங்கே ஆள் இருந்தாலும் அந்த இடத்துக்குக் கறுப்பு போட வேண்டும். கறுப்பு என்றால், அங்கே வெளிச்சமே விழாமல் வெட்டிவிடுவது. ஒரு குடியிருப்புச் சுவரில் படம் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசை முழுக்கப் பெரிய மனிதர்கள். நடுவில் யாரோ ஒரு முதியவர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். “ஆள் இருக்கு, கறுப்பு போடு!” என்று அண்ணன் கத்தியது எங்கள் எல்லோர் காதிலும் இன்னும் இருக்கிறது. படத்தையே நிறுத்திவிட்டார்! விருந்தினர் ஒருவர் முகம் சுளித்து, “ஒரே ஒரு ஜன்னல்தானே?” என்றார். “ஜன்னலுக்கு இல்லீங்க. அவருக்குக் கண்ணு கூசும்” என்றார் அண்ணன். கறுப்பு போட்ட பிறகுதான் படம் மறுபடி ஓடியது. இப்படி ஒரு மனிதரை இந்தத் தொழிலில் நீங்கள் பார்த்ததுண்டா?

இனி இந்தக் கட்டடத்துக்கு வருகிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த வாசிப்பறைக்கு நேர் மேலே ஒரு பால்கனி இருக்கிறது. போட்டோ எடுத்த அன்று அங்கே புறா விரட்டப் போனார் அண்ணன். கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, “எடுத்தாச்சா?” என்று கேட்டார். அதற்குள் எடுத்தாகிவிட்டது. அவர் போட்டிருந்த சட்டை சுவரின் நிறம். போட்டோவின் மேல் கோடு வரைந்த எங்களில் எவருக்கும் அது ஆள் என்று தோன்றவில்லை. ஏதோ சிலை என்று நினைத்து, அவரையும் ஒரு கல்லாக வரைந்துவிட்டோம். யார் வரைந்தது என்பதில் இன்னும் அடிதடி ஓயவில்லை!

முதல் நாள் படம் ஓடியது. கட்டடம் கல் கல்லாக இடிந்து விழுந்தது. பால்கனியில் மட்டும், நாங்கள் விழவிட மறந்த ஆள் வடிவக் கல் ஒன்று அந்தரத்தில் நின்றது. நாங்கள் பதறி அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். கூட்டமோ கைதட்டியது! அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எல்லாம் விழுந்துச்சு, நான் விழலைய்யா. இருந்துட்டுப் போகட்டும், விடு” என்றார்.

விழவில்லை என்று சொன்னவர், மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. எங்கள் நெஞ்சில் இடி விழுந்தது.

அவர் இல்லாமல் சென்ற வாரம் பொழுது சாய்ந்ததும் அதே படத்தை ஓட்டினோம். அவையோரே, நான் கதை கட்டுகிறவன் இல்லை. அந்தப் பால்கனி வெறுமையாக இருக்கும்போது ஆள் வடிவ வெளிச்சம் பின்சுவரில் கலங்கலாகத்தான் விழும். தடுக்க எதிரில் ஒன்றும் இல்லையே. அன்று அது, யாரோ நின்று தடுத்ததுபோல், கைப்பிடியை ஒட்டித் தெளிவாக விழுந்தது. மடிப்பு மடிப்பாகச் சட்டை தெரிந்தது. ஒரு கை கைப்பிடியில் இருந்தது. இன்னொரு கை கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

ஒயர்காரர் ஒரே ஓட்டமாக மாடிக்குப் போனார். பால்கனிக் கதவு உள்ளிருந்து பூட்டிக் கிடந்தது. நான் கம்ப்யூட்டரில் எங்கள் கோடுகளைத் திறந்து பார்த்தேன். இரண்டு கையும் கைப்பிடியில்தான் இருந்தன. யார் அந்தக் கையைத் தூக்கியது?

நூலகர் அம்மையார் தவறாக எண்ணக் கூடாது. “படிக்க வர்றவங்க பயப்படுறாங்க, அந்த உருவத்தை அழிச்சிடுங்க” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. எங்களிடம் மிச்சம் இருக்கும் அண்ணன் அந்த ஒரு கல்தான், அதையும் நானே அழிப்பதா? வாசிப்பறை என்பதால் இருவரும் கிசுகிசுத்தே சண்டை போட்டோம்!

கடைசியில் அண்ணியை அழைத்தோம். தெருவில் நின்று படத்தை முழுதாகப் பார்த்தார். அழவில்லை. என்னிடம் வந்து, “அழிக்கவா வைக்கவான்னு ஏன் தம்பி சண்டை? அவரு எத்தனை பேருக்குக் கறுப்பு போட்டாரு, அவருக்குப் போட ஒருத்தர் இல்லையா? கண்ணு கூசுது பாருங்க” என்றார்.

அவ்வளவுதான். இத்தனை காலம் அவரோடு இருந்துவிட்டு, அந்தச் சட்டத்தை மறந்துபோனேனே!

நேற்று மாலை கறுப்பு போட்டோம். சுவர் முழுக்க வெளிச்சம், பால்கனியில் மட்டும் ஆள் உயர இருட்டு. நாங்கள் வரைந்தபடியே இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தன. அண்ணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பதான் கண்ணைத் திறந்திருக்காரு” என்றார்.

இருட்டண்ணே! உங்கள் வேலை நின்றுபோகாது. எந்த ஊரில், எந்தச் சுவரில், எவ்வளவு பெரிய மனிதர் முன்னால் ஓட்டினாலும், ஒரு மனிதர் முகத்திலும் எங்கள் வெளிச்சம் விழாது. இது இந்த அவையின் முன் உங்கள் தோழர்கள் தரும் வாக்கு.

அவையோரே, வெளியே பொழுது சாய்கிறது. சற்று நேரத்தில் தெருவுக்குப் போய்ப் படம் பார்க்கப் போகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். செல்போனை உள்ளே வைத்துவிடுங்கள். பால்கனியை நோக்கி யாரும் டார்ச் அடிக்க வேண்டாம். அங்கே ஆள் இருக்கிறார்.