மாமனாரின் வண்டி

மத்தியானம் இரண்டு மணி. சிரிக்காதீர்கள்... பேய்க்கென்று ஆபீஸ் நேரம் ஒன்றும் கிடையாது. ஊருக்கு வெளியே, இன்னும் திறந்துவிடாத புறவழிச்சாலை. புதுத் தார். ஒரு மரம் இல்லை, ஒரு ஆள் இல்லை. அந்த ரோட்டின் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள். பக்கத்தில் முட்டி போட்டபடி ஒரு மனிதர். வாயை அகலத் திறந்து வைத்திருக்கிறார்... காற்று உள்ளே போகவில்லை.

என்னோடு ஒரே ஷிஃப்ட்டில் இருக்கும் ஃபிட்டரை உங்களுக்குத் தெரியும். அவருடைய தங்கை வீட்டுக்காரர்தான் இந்த மனிதர். வீட்டோடு மாப்பிள்ளை. நாமும் மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் மட்டும் மாமனார் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. சாதாரண நாளில் 'ஏய்'. கோபம் வந்தால் 'தண்டச்சோறு'.

மாமனார் மூன்று வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். இளைப்பு. அவருடைய வண்டி பின்பக்க அறையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. மாமனார் இருந்த காலத்தில் ஒருமுறை மாப்பிள்ளை அதன் சீட்டில் தெரியாமல் கை வைத்துவிட்டார். ஈரத்துணி கொண்டுவரச் சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே அந்த இடத்தைத் துடைத்த மனுஷன் அவர்.

மாப்பிள்ளை வேலை பார்த்த லேத் பட்டறையை இழுத்து மூடிவிட்டார்கள். எட்டு மாதம் சும்மா இருந்தார். கடைசியில் ஒரு கூரியர் கம்பெனியில் கூப்பிட்டார்கள். ஒரே நிபந்தனை... அடுத்த வாரம் திங்கட்கிழமை, ஓடுகிற வண்டியோடு வரவேண்டும். மனைவி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா வண்டிய ஓட வைங்க. இந்த வேலையும் போச்சுன்னா நீங்களும் கிளம்பிடுங்க. உட்கார வெச்சு சோறு போட்டது போதும்."

தார்ப்பாயை எடுத்தார். டேங்க்கைத் திறந்தால் பழைய வார்னிஷ் நாற்றம். அந்தப் பெட்ரோலைக் கொட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் ஒரு பிடி சின்ன நட்டுகளும் போட்டு, குலுக்கு குலுக்கென்று குலுக்கித் துருவை எடுத்தார். கார்புரேட்டரைக் கழற்றி மெல்லிய கம்பியால் ஓட்டைகளைச் சுத்தம் செய்தார். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஆயில் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டார். மூன்றாம் நாள் கிக்கர் இறங்கியது.

இன்ஜினில் அழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கிக்கரை உதைக்க வேண்டும். உள்ளேயிருந்து காற்று விரலைத் தள்ளினால் இன்ஜின் நல்ல இன்ஜின். உதைத்தார். புஸ்... தள்ளியது. இன்னொரு உதை. புஸ்... அப்பாடா என்று காலை எடுத்துத் தரையில் வைத்தார்.

புஸ்...

உதைக்கவே இல்லை. விரலை எடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. வெதுவெதுப்பான காற்று. ஆயில் வாடை இல்லை. நெஞ்சில் தடவும் தைலத்தின் வாடை. பிறகு... அந்த ஓட்டை விரலை உள்ளே இழுத்தது. இழுத்து முடிக்கும்போது ஒரு சன்னமான விசில். ஈ...ங்.

சமையலறையிலிருந்து மாமியார் வந்தாள். கையில் ஒரு டம்ளர் வெந்நீர். அறை வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

"இத நான் யாருக்குக் கொண்டு வந்தேன்?"

"எனக்குத்தான் அத்தை" என்று வாங்கி, நாக்கு பொத்துப்போகிற சூட்டோடு ஒரே மடக்கில் குடித்தார் மாப்பிள்ளை.

யாரப்பா அது, ஓரத்தில் தனியாக... இப்படி நகர்ந்து உட்காருங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் ஒரு வில்லங்கம். சோக்கை இழுத்து வைத்தால்தான் ஓடும். அதாவது, காற்று போகிற வழியை அடைத்து வைத்தால்தான். திறந்துவிட்டால் இரண்டு இருமல், அவ்வளவுதான். வாஷரை மாற்றினார், ரப்பரை மாற்றினார். அதே இரண்டு இருமல். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. விடிந்தால் வேலை, இல்லையென்றால் நடுத்தெரு. கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகும் என்று அந்தப் புறவழிச்சாலைக்குக் கொண்டு போனார்.

பாதி ரோட்டில், வருவது வரட்டும் என்று சோக்கைத் திறந்துவிட்டார். வண்டி இருமவில்லை. நிற்கவும் இல்லை. புது வண்டி தோற்றது, அவ்வளவு சீராக ஓடியது. "ஓடிடுச்சு!" என்று கத்த வாயைத் திறந்தார்... சத்தம் வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தியது மாதிரி இருந்தது. தட்டுத்தடுமாறி வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டே ஸ்டாண்ட் போட்டு, முட்டி போட்டு விழுந்தார். கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. மூச்சு வந்தது.

பிரமை என்று நினைத்தார். மறுபடி உதைத்தார். இன்ஜின் ஓடியது, மூச்சு போயிற்று. சாவியைத் திருப்பினார், வந்தது. மூன்று முறை செய்து பார்த்தார். இருந்தது ஒரு காற்று. அதற்கு இரண்டு பேர்.

அப்போதுதான் அவருக்கு அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று சொல்வதே பொய். மூன்று வருஷமாக அவர் அதை மறந்தால்தானே. பெண்கள் வெளியே போயிருந்தார்கள். மாமனாருக்கு இளைப்பு எடுத்து, உறிஞ்சுகிற மருந்துக் குப்பி கை தவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. விரலால் காட்டினார். மாப்பிள்ளை குனிந்து எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை.

"மாப்பிள்ளைன்னு கூப்பிடுங்க. ஒரே ஒரு தடவை. தர்றேன்."

கிழவர் அவரையே பார்த்தார். பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். திறக்கவே இல்லை. பயந்துபோய்க் குப்பியை வாயில் வைத்தபோது, உறிஞ்ச ஆள் இல்லை.

திங்கட்கிழமை மாப்பிள்ளையால் வண்டியில் ஏற முடியவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு மனைவி எடுத்துக்கொண்டு போனாள். கம்பெனிக்காரர்கள் வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். அவள் தெருமுனை திரும்பிய பிறகும் இவருக்கு மூச்சு திரும்பவில்லை. எங்கேயோ ஒரு வாசலில் அவள் வண்டியை நிறுத்துவாள், இங்கே நாற்காலியில் இவர் 'ஹா' என்று காற்றை அள்ளுவார். அவள் கிளப்புவாள், மறுபடி அடைத்துக்கொள்ளும். ஓடும்போது ஒரு நூல் அளவுதான் உள்ளே போகும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்.

அவளிடம் ஒருநாள் கேட்டார். "அந்த வண்டி வேண்டாம். வித்துடலாம்."

"எங்கப்பா வண்டிய நான் ஓட்டுறது உங்களுக்குப் பொறுக்கலையா?"

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

அவள் கெட்டிக்காரி. மூன்றே மாதத்தில் வெளியூர் லைனுக்கு மாற்றிவிட்டார்கள். போக மட்டும் ஆறு மணி நேரம். இன்றைக்குத்தான் முதல் நாள்.

நேற்று ஃபிட்டர் அங்கே போயிருந்தபோது, மாப்பிள்ளை அவர் கையில் ஒரு தாளைத் திணித்தாராம். ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார், அந்த மத்தியானம் உட்பட. கடைசி வரி, 'மச்சான், நீங்க சொன்னா அவ கேப்பா. போக வேண்டாம்னு சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்.'

செத்தவர் ஃபிட்டருக்கு அப்பா. மறந்துவிடாதீர்கள்.

இன்று டீ இடைவேளையில் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். நான் படித்து முடித்தேனோ இல்லையோ, அவருக்கு போன். தங்கை. ஏதோ ரயில்வே கேட்டில் நிற்கிறாளாம். இன்ஜின் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது.

"பட்டு மாதிரி ஓடுதுண்ணா. நிறுத்தவே மனசு வரல."

ஃபிட்டர் என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்தார்.

"நிறுத்தாதம்மா" என்றார். "போய்க்கிட்டே இரு."