ஒரு ழகரத்தின் பொருட்டு

நாவின் நுனியை உள்நோக்கி வளைத்து, மேலண்ணத்தைத் தொடாமல் நிறுத்தினால் ழகரம் பிறக்கும். தொட்டுவிட்டால் அது ளகரம். இடைவெளி நூலளவுதான். காவல் ஆய்வாளர் அவர்களே, இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நடந்தது முழுவதும் அந்த நூலளவு இடைவெளியில் நடந்தது.

என் பெயர் தங்கபாய். வயது அறுபத்தெட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாற்பது ஆண்டுகள் அச்சகம் நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தேன், இன்றும் வாசிக்கிறேன். அச்சகத்தை மூடியபின், என் தங்கை மகன் பிரேம்குமார் தன் ராக் இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்க அழைத்தான். ராஜபாளையத்தில் அவனுடைய கைபேசிக் கடைக்கு மேலே பதிவு அறை. சத்தம் வெளியே போகாதிருக்கச் சுவர் முழுவதும் மருத்துவப் பஞ்சை அடைத்திருந்தார்கள். குழுவின் பெயர் ‘நாலாம் ஷிப்டு’. ‘நான்காம்’ என்று திருத்தச் சொன்னேன். திருத்தவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டேன் என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

பாடகன் இசக்கிமுத்து, நாற்பத்தொரு வயது, பேண்டேஜ் ஆலையில் தறி ஓட்டுபவன். சென்ற ஆண்டின் முன்பகுதியில், குடியால் ஈரல் கெட்டு மதுரையில் ஒரு மாதம் படுத்திருந்தான். மருத்துவமனைச் சீட்டு ஆங்கிலத்தில் இருந்ததால், அவன் மனைவி மாரிக்கனி அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

“அவுகளுக்கு என்னன்னு போட்டிருக்கும்மா?”

“மீண்டும் குடித்தால் பிழைக்க மாட்டான் என்று எழுதியிருக்கிறது” என்றேன். பிறர் எழுதியதைப் படித்துச் சொல்லும்போது நான் எதையும் மென்மையாக்குவதில்லை.

ஊர் திரும்பிய உடனே, மம்சாபுரம் போகும் வழியிலுள்ள கருப்பசாமி கோயிலுக்கு மாரிக்கனி அவனை அழைத்துப் போனாள். குடிப்பவர்கள் இன்ன காலம் வரை தொடமாட்டேன் என்று சாமிக்கு வாக்குக் கொடுத்தால், பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டுவார். தவணையைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பார். இசக்கிமுத்துவின் சீட்டில் ‘வருகிற மாசி வரை’ என்று இருந்தது. அவன் அதைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தான். “டாக்டரை ஏமாத்திப்புடலாம்மா, கருப்பனை ஏமாத்த ஏலாது” என்பான். உண்மையாகவே ஒரு சொட்டும் தொடவில்லை.

அந்த நாள்களில்தான் குடியைப் பற்றி ஒரு பாடல் செய்வது என்று தீர்மானமாயிற்று. இசக்கிமுத்து தன் கதையைச் சொன்னான்; பிரேம்குமார் கிதாரில் மெட்டுப் போட்டான். முதல் வரைவில் ‘குடிச்சேன்’ என்ற சொல் பதினொரு முறை வந்தது. அதை அடித்துவிட்டுப் பல்லவியை நான் எழுதினேன்.

பழக்கம் என்று சொன்னார்கள்,
பழகிப் பழகி விழுந்தேன்;
எழுந்த இடத்தில் விழுந்தேன்.

மூன்று அடிகளில் ழகரம் ஆறு. பல்லவி நான்கு முறை வருவதால் இருபத்துநான்கு. இருபத்துநான்கு இடங்களிலும் இசக்கிமுத்து ‘பளக்கம்’, ‘பளகி’, ‘விளுந்தேன்’ என்றே பாடினான். நான் ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

“எங்க நாக்கு அம்புட்டுதான் வளையும்மா” என்றான்.

டிரம்ஸ் வாசிக்கும் கௌதம்ராஜ் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, “பளமோ பழமோ, உரிச்சா உள்ள ஒண்ணுதானம்மா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

டிரம்ஸ் பதிவானது. பிரேம்குமார் வாசித்த பேஸ், கிதார், என் கீபோர்டு எல்லாம் பதிவாயின. குரல் மட்டும் எஞ்சியது. அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. குடித்திருந்த காலத்தில் இசக்கிமுத்து மிகத் தெளிவாகப் பேசுவான். தான் நிதானத்தில் இருப்பதை மெய்ப்பிப்பதற்காக ஒவ்வோர் எழுத்தையும் எடுத்து வைப்பான். ஒருமுறை படியேறி வந்து, “மழை பெய்கிறது அம்மா, வழி வழுக்குகிறது” என்றான். மூன்றும் பிழையற்ற ழகரங்கள். அந்த நாவு அவனிடம் இருந்தது, பூட்டி வைத்திருந்தான்.

குரல் பதிவு மாசி இரண்டாம் நாள், சனிக்கிழமை. மறுநாள் சிவராத்திரி. அன்று கோயிலுக்குப் போய் அடுத்த ஆண்டுக்கும் கயிறு கட்டிக்கொள்வதாக இருந்தான். ஆகவே எனக்கு இருந்தது ஒரு மதியம் மட்டுமே.

முந்திய நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் மதுக்கடையில் வரிசையில் நின்று, அவன் முன்பு குடித்த அதே வகையில் ஒரு குவார்ட்டர் வாங்கினேன். “யாருக்கு ஆச்சி?” என்றார் கடைக்காரர். “ஒரு பாட்டுக்கு” என்றேன். தேவாலயப் பாமாலைப் புத்தகம் வைக்கும் பையில் அதை எடுத்து வந்தேன்.

சனிக்கிழமை மதியம் மற்ற இருவரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, அவனிடம் சீட்டைக் கேட்டேன்.

“இதில் ‘மாசி வரை’ என்று இருக்கிறது. மாசி பிறந்து இரண்டு நாள் ஆகிறது.”

“மாசி வரைன்னா மாசி முடியுத மட்டும்தானம்மா?”

“அப்படியானால் ‘மாசி முடியும் வரை’ என்று எழுதியிருக்க வேண்டும். இது எல்லைப் பொருள். மாசி பிறந்ததும் எல்லை தீர்ந்தது.”

அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப நேத்தே அவுந்துட்டாம்மா?”

“இலக்கணப்படி ஆம்.”

“பூசாரி அப்படிச் சொல்லலையே.”

“பூசாரி ‘கருப்பசாமி’யில் ஒற்று மிகுவித்து எழுதியிருக்கிறார், பார். அவருடைய தமிழை நம்பாதே.”

பிறகு குப்பியைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு, பாடல் தாளை அடுக்கத் தொடங்கினேன். ‘குடி’ என்று நான் சொல்லவில்லை. ஏவல் வினைமுற்று எதுவும் என் வாயிலிருந்து வரவில்லை. அவன் சீட்டை மறுபடியும் உறையில் போட்டான். “கருப்பன் கோவிக்க மாட்டான்ல?” என்றான். நான் கயிற்றை நம்புபவள் அல்லேன். ஆயினும் “மாட்டார்” என்றேன்.

மற்றவர்கள் திரும்பியபோது அவன் மைக்கின் முன் நின்றிருந்தான். ஹெட்ஃபோனில் கேட்டேன். இருபத்துநான்கும் கிடைத்தன. பிரேம்குமாருக்கு வாடை தெரிந்தது. “ஏலே, என்ன காரியம்ல பண்ணிட்ட?” என்று அவன் சட்டையைப் பிடித்தான். இசக்கிமுத்து, “தவணை முடிந்துவிட்டது” என்று மிகத் திருத்தமாக விடை சொன்னான்.

மறுநாள் அவன் கோயிலுக்குப் போகவில்லை. வாடையோடு சாமி முன்னே நிற்க வெட்கப்பட்டான் என்று பின்பு தெரிந்தது. இது என் கணக்கில் இல்லாதது. கயிறு இல்லாததால் நிறுத்தவும் இல்லை. பங்குனி பத்தாம் நாள் இரத்த வாந்தி எடுத்து இறந்தான். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்தேன்.

மறைக்காமல் எழுத வேண்டிய ஒன்று உண்டு. என் அச்சகத்தில் நாற்பது ஆண்டுகளாக அச்சிட்ட அறிவிப்புகள் அனைத்திலும் ‘மாதம் வரை’ என்றால் அந்த மாதத்தின் கடைசி நாளும் அடங்கும். நான் அப்படித்தான் பொருள் கொண்டேன். வாடிக்கையாளர்களுக்கும் அப்படித்தான் விளக்கினேன். ஐயமின்றி அறிந்திருந்தும் அவனிடம் மாற்றிச் சொன்னேன். மருத்துவமனைச் சீட்டைப் படித்தவளும் நானே. எனவே ‘இசக்கிமுத்து குடித்து இறந்தார்’ என்று தங்கள் எழுத்தர் எழுதியிருப்பதில் எழுவாய் தவறு. ‘தங்கபாய் கொன்றாள்’ என்பதே சரியான வாக்கியம்.

பாடல் சென்ற வாரம் வெளியாயிற்று. கேட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரேம்குமாரிடம், “பார்த்தாயா, அந்த மதியம் வீணாகவில்லை” என்றேன். அவன் கணினியை என் பக்கம் திருப்பினான்.

“பெரியம்மா, அன்னைக்குப் பாடுனதுல சுருதியே நிக்கலை. ஒரு வரிகூட எடுக்கலை. இது அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பாடுனது. நீங்க சர்ச்சுக்குப் போயிருந்திய. மாரிக்கனி ஒரு மாசமா அவனை உக்கார வச்சுப் பழம், பழம்னு சொல்ல வச்சிருக்கா. சனிக்கிழமை அம்மா முன்னாடி பாடிக் காட்டணும், அதுவரைக்கும் சொல்லாதன்னான்.”

திரையில் தேதி அவன் சொன்னவாறே இருந்தது. கணினியில் தேதி தவறாக விழுவது உண்டு. அச்சகத்தில் நானே பலமுறை திருத்தியிருக்கிறேன். ஆகவே, பாடல் பதிவான நாள் சனிக்கிழமை என்றே வழக்குக் குறிப்பில் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.